பற்சக்கரம் நின்றபோது

1867ஆம் ஆண்டு வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், வேலைப் பிரிவினையை விளக்கக் கார்ல் மார்க்ஸ் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று கடிகாரம். வில் செய்பவன், முகப்புச் செய்பவன், பற்சக்கரம் செய்பவன் என அவர் அடுக்கும் தொழிலாளர் பட்டியல் மிக நீண்டது. சுவிற்சர்லாந்தின் லா ஷோ தெ ஃபோன் நகர் முழுவதையுமே ஒரு பெருந் தொழிற்சாலையாக அவர் கண்டார்.

நூறு ஆண்டுகளின் பின் அந்தப் பட்டியலையே தேவையற்றதாக்கும் கருவி தோன்றிற்று. இலக்கக் கைக்கடிகாரத்தில் வில் இல்லை, சக்கரம் இல்லை, முள்ளும் இல்லை. பொத்தான் போன்ற சிறு மின்கலம் தரும் மின்னால் குவாட்ஸ் படிகம் செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கின்றது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்றாகும். அதுவே ஒரு செக்கன்.

1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘பல்சர்’ இவ்வகையில் முதலாவது. பொன்னுறை பூண்ட அதன் விலை 2,100 டொலர். செந்நிற ஒளியில் எண் காட்டும் அதன் முகம், மின்கலம் தாங்காதென்பதால் இருண்டே கிடந்தது. நேரம் அறியப் பொத்தானை அழுத்த வேண்டும். செல்வர் கையை அலங்கரித்த இக்கருவியை 1976இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனம் பிளாஸ்ரிக் உறையிட்டு 20 டொலருக்கும் குறைவாக விற்றது. மின்னை மிகச் சிறிதே உண்ணும் திரவப் படிக முகப்புப் பரவியதும், ஒரே மின்கலம் ஆண்டுக்கணக்கில் உழைக்கலாயிற்று.

நேரம் மலிந்தது. அதன் உண்மை விலையைக் கொடுத்தவர் யார்? 1970இல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் வேலைசெய்தனர். எண்பதுகளின் நடுவில் 30,000 சொச்சம் பேரே எஞ்சினர். உலகப் பொருளாதார மந்தமும் சுவிஸ் பிராங்கின் மதிப்பேற்றமும் இதிற் பங்குகொண்டன. ஆனால் அறியாமையைக் காரணங் காட்டுதல் இயலாது. நியூஷத்தெல் நகர் ஆய்வுகூடமொன்றில் 1967இலேயே சுவிஸ் பொறியியலாளர் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை இயக்கிக் காட்டியிருந்தனர். அவ்வறிவை எப்போது, எவர் நலனுக்காகப் பயன்படுத்துவதென்று தீர்மானிக்கும் உரிமை பட்டறைத் தொழிலாளியிடம் இருக்கவில்லை.

மின்கலத்துக்கும் ஒரு கணக்குண்டு. உள்ளே வாயு உண்டாகி உறை வீங்காதிருக்க, நெடுங்காலம் பொத்தான் மின்கலங்களிற் பாதரசம் சேர்க்கப்பட்டது. தீர்ந்த மின்கலம் குப்பைக்குப் போயிற்று. நஞ்சு மண்ணுக்குப் போயிற்று. 2013இல் உருவான சர்வதேசப் பாதரச உடன்படிக்கை இவற்றையும் கட்டுப்படுத்திற்று. அது தாங்கி நிற்பது, ஆலைக்கழிவுப் பாதரசத்தால் மீனவக் குடும்பங்கள் அழிந்த யப்பானிய நகரமாகிய மினமாத்தாவின் பெயரை.

இயந்திரத்தைப் பகைப்பது நம் நோக்கமன்று. ஏழை மாணவன் கையிலும் சரியான நேரம் காட்டும் கருவி ஏறியது முன்னேற்றமே. ஆயின் அம்முன்னேற்றத்தின் நட்டத்தை உழைப்பவனே சுமக்க வேண்டுமென்ற ஏற்பாடு மனிதர் வகுத்தது. மனிதரால் மாற்றவும் கூடியது.