ட்ரெக்கிங் போறீங்களா? குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு என்ன மாறியது? எந்த மாதம் ஏற்றது? முழு விவரம்

சிறுசேரி சிப்காட்டில் ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் பலருக்கு, லாங் வீக்எண்ட் வந்தாலே மலையேற்றம்தான் பிளான். ஆனால் எந்தக் காட்டுக்கு, எந்த மாதத்தில், யாருடன் போகிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

குரங்கணியில் நடந்தது என்ன?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். சென்னையிலிருந்து சென்ற குழுவில் பெரும்பாலானோர் பெண்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தப் பாதைக்கு முறையான அனுமதி பெறப்படவில்லை என அரசு தெரிவித்தது.

தீ ஏன் அவ்வளவு வேகம்?

மார்ச்சில் மலைப்புல் காய்ந்து சருகாகிவிடும். தீயின் வெப்பம் மேல்நோக்கிச் செல்வதால், சரிவின் மேலே உள்ள புல் முன்கூட்டியே சூடாகிப் பற்றிக்கொள்ளும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. அதனால் தீயைப் பார்த்தால் மேலே ஓடக் கூடாது. ஓடைப் பள்ளங்களில் பதுங்கவும் கூடாது. அவை புகைபோக்கி மாதிரி நெருப்பை இழுக்கும். புல் இல்லாத பாறைத் திட்டு, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடம் ஆகியவையே ஓரளவு பாதுகாப்பானவை.

அப்போ எந்த மாதம் போகலாம்?

பின்லாந்து, கனடா போன்ற வடதேசக் காடுகளில் செப்டம்பர், அக்டோபர்தான் சீசன். இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும்; கொசுத் தொல்லையும் குறையும். நம்ம ஊரில் ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். பாறை வழுக்கும், அட்டை ஏறும், காட்டாற்றில் திடீர் வெள்ளம் வரும். மழை ஓய்ந்து, புல் காய்வதற்கு முந்தைய டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரையிலான காலம் பல இடங்களுக்கு ஏற்றது.

இப்போதைய விதிகள் என்ன?

குரங்கணிக்குப் பின், 2018-லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளுடன் தொடங்கப்பட்டது. ஆன்லைனில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். காட்டுத்தீ காலத்தில் பாதைகள் மூடப்படும்.

பக்கத்திலேயே காடு இருக்கே?

மேடவாக்கம் அருகே நன்மங்கலம், தாம்பரம் பக்கம் வண்டலூர் ஆகியவை காப்புக்காடுகள். கொம்பன் ஆந்தை வாழும் நன்மங்கலம் புதர்க்காடு வீட்டுக்குப் பக்கம்தான் என்றாலும், அனுமதியின்றி உள்ளே நுழைவது குற்றம்.

கிளம்பும் முன்...

பாதையின் பெயர், திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பருத்தி உடை நல்லது. நைலான் தீயில் உருகித் தோலில் ஒட்டும். வழிகாட்டி 'திரும்பலாம்' என்றால், உச்சி பத்து நிமிஷத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.