பெருந்தொற்றுக் காலத்தில் பக்கவாதம்: மூளை ஸ்கேனைத் தள்ளிப்போடலாமா?

திடீரென்று வாய் கோணுவதும், ஒரு பக்கக் கை கால் விழுந்துபோவதும், பேச்சுக் குழறுவதும் பக்கவாதத்தின் அடையாளங்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அல்லது குழாய் வெடித்து இரத்தம் கசிந்திருக்கலாம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், சிகிச்சையோ நேர்மாறானது. கட்டியைக் கரைக்கும் ஊசியைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதலில் சி.டி. ஸ்கேன். வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பதும் இதே காரணத்தால் தவறு.

ஸ்கேன் சில நிமிட வேலைதான். புதிய கசிவு அதில் வெள்ளையாகத் தெரியும். அடைப்பாக இருந்தால் ஆரம்ப மணி நேரங்களில் படம் ஏறக்குறையச் சாதாரணமாகவே இருக்கக்கூடும். 'ஸ்கேனில் ஒன்றுமில்லையாம்' என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு 4.5 மணி நேரம். கட்டியைக் குழாய் செலுத்தி வெளியே எடுக்கும் சிகிச்சைக்குப் பொதுவாக 6 மணி நேரம். ஸ்கேனில் மூளையின் நிலையைப் பார்த்துச் சிலருக்கு 24 மணி நேரம் வரை.

2020-ல் கொரோனா பயத்தில் உலகமெங்கும் இந்தக் கெடுவைப் பலர் தவறவிட்டார்கள். அமெரிக்காவில் 856 மருத்துவமனைகளின் ஸ்கேன் பதிவுகளை ஆராய்ந்தபோது, பக்கவாதத்துக்காக மூளைப் படம் எடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை பிப்ரவரியைவிட மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கத்தில் 39 சதவீதம் குறைந்திருந்தது. நோய் குறைந்துவிட்டதாக நம்ப இடமில்லை. அதே நாட்களில் நியூயார்க்கில், 50 வயதுக்கும் குறைந்த ஐந்து கொரோனா நோயாளிகள் பெரிய இரத்தக் குழாய் அடைப்போடு இரண்டே வாரத்தில் ஒரே மருத்துவக் குழுவிடம் வந்தார்கள்.

நம் கடற்கரைக்கு ஊரடங்கோடு தூரமும் சேர்ந்துகொண்டது. ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வரவே சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக அன்று இ-பாஸ் வேறு.

அந்த நாட்களில் என்னிடம் போனில் வந்த கேள்வி ஒன்று: "ஹஜ்ரத், கொள்ளைநோய் உள்ள ஊரை விட்டு வெளியேறக் கூடாதென்று ஹதீஸ் இருக்கிறதே, வாப்பாவை மதுரைக்குக் கொண்டு போகலாமா?" ஹதீஸ் ஸஹீஹானது. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் திரும்பியதும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆனால் தடுக்கப்பட்டது நோய்க்குப் பயந்து ஓடுவது. ஓடும் நோக்கமின்றி, வேறொரு தேவைக்காக வெளியேறுவது கூடும் என்பதில் உலமாக்கள் ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்று, நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) முஸ்லிம் விரிவுரையில் எழுதுகிறார்கள். வாப்பாவின் மூளையைக் காப்பாற்றப் போவதைவிடத் தேவை வேறென்ன? பரிசோதனை முடிவு தெரியாதவரை எல்லோருக்கும் முகக்கவசம் என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தால் ஹதீஸின் நோக்கமும் பேணப்படும்.

மருத்துவமனைகளும் வழி கண்டிருந்தன. ஸ்கேன் மேசையில் படுத்த நிலையிலேயே தலையோடு நெஞ்சையும் சேர்த்துப் படமெடுத்து, நுரையீரலில் கொரோனாவின் தடம் இருக்கிறதா என்று பல இடங்களில் பார்த்தார்கள். எம்.ஆர்.ஐ. அடைப்பை முன்னதாகவே காட்டும். ஆனால் அதற்கு நேரம் கூடுதல் என்பதால் அவசரத்தில் சி.டி.க்கே முதலிடம்.

ரமளானில் நோன்போடு இருப்பவருக்கு இப்படி நேர்ந்தால், நரம்பில் ஏற்றும் சாயம் நோன்பை முறிக்குமா என்று அங்கே நின்று விவாதிக்க வேண்டியதில்லை. நோயாளிக்கு நோன்பை விடும் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. வாய் வழியாக மட்டும் தண்ணீரோ மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும்.

எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?' என்பதுதான், 4.5 மணி நேரக் கணக்கு அங்கிருந்தே ஓடும். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரத்தைச் சொல்லாமல் படுக்கப் போன நேரத்தைச் சொல்ல வேண்டும். கடிகாரம் பார்க்காவிட்டாலும் நம் வீடுகளில் வக்து நினைவிருக்கும்: இஷா தொழுதபோது நன்றாக இருந்தார், தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது பேசினார், ஃபஜ்ருக்கு ஒளு செய்யும்போது கை தூக்க முடியவில்லை. அதை அப்படியே சொல்லுங்கள்.