கேம்பல்டவுன்: 21 விஸ்கி ஆலை இருந்த ஊர்ல ரெண்டு மட்டும் மிஞ்சின கதை

சிங்கிள் மால்ட் விமர்சனம் எழுதறவங்க கேம்பல்டவுன் விஸ்கின்னு வந்தா ஒரே பாட்டுதான் பாடுவாங்க. உப்புக்காத்து, எண்ணெய்ப் பசை, லேசா புகை. ஸ்பிரிங்பேங்க் 10 வருஷ விஸ்கியில இது மூணுமே இருக்கு, மறுக்கல. ஆனா அது ஒரு ஊரோட ருசியா, இல்ல தப்பிப் பிழைச்ச ஒரு குடும்பத்தோட ருசியா?

(டாக்டரே குடிக்கச் சொல்றாரான்னு கமெண்ட்ல வராதீங்க. மது முதல் வகைப் புற்றுநோய்க் காரணி. கெட்டுப்போன கல்லீரல்களை வார்டுல தினமும் பார்க்கிறவன் நான். இது வரலாற்று த்ரெட்.)

ஸ்காட்லாந்தோட மேற்குக் கரையில நீளமா தொங்கற கின்டைர் தீபகற்பம். அதோட தென்கோடி கிட்ட இருக்கிற துறைமுகம்தான் கேம்பல்டவுன். பக்கத்துலயே நிலக்கரிச் சுரங்கம். சரக்கு ஏத்தினா கடல் வழியா கிளாஸ்கோ. 19ஆம் நூற்றாண்டு முழுசும் கூட்டினா 30 ஆலைக்கு மேல இங்க ஓடியிருக்கு. நாட்டுல உள்ள ஆலைகளை எல்லாம் சுத்திப் பார்த்து 1887ல் புத்தகம் போட்ட ஆல்ஃபிரட் பர்னார்டு, 1885ல் இங்க வந்தப்ப 21 ஆலைகளைப் பார்த்தார். இன்னிக்குக்கூட சுமார் 5,000 பேர்தான் வாழற ஊர் அது! பர்னார்டு புத்தகத்துல ருசியைத் தேடினா ஏமாந்துடுவீங்க. தொட்டி எவ்வளவு பெருசு, வருஷத்துக்கு எத்தனை கேலன், இதுதான் பக்கம் பக்கமா இருக்கும்.

1934 முடியும்போது மிஞ்சினது ரெண்டே ஆலை: ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா.

எல்லாரும் கை காட்டறது அமெரிக்க மதுவிலக்கை (1920-1933). எனக்கு அது கடைசி அடியாத்தான் தெரியுது. (அந்த மதுவிலக்குலயும் அமெரிக்க டாக்டர் சீட்டு எழுதினா 10 நாளைக்கு ஒரு பைன்ட் விஸ்கி மருந்துக்கடையில கிடைச்சுது. நம்ம தொழிலுக்கு அது ஒண்ணும் பெருமை இல்ல.)

நோய் முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. பல விஸ்கிகளைக் கலந்து விக்கிற பிளெண்ட் கம்பெனிகள்தான் அப்போ பெரிய வாடிக்கையாளர்கள். அவங்களுக்கு மென்மையான ருசி வேணும். ரயில் போய்ச் சேர்ந்த ஸ்பேசைடுல அது கிடைச்சுது. கேம்பல்டவுன் சரக்கு கனமானது, புகை அதிகம். அதுலயும் கிராக்கி இருந்த காலத்துல அளவைப் பெருக்கி, தரத்தை விட்டுட்டாங்க. ஹெர்ரிங் மீன் பீப்பாயில ஊத்தி வைக்கிறாங்கன்னு கிண்டல் கிளம்பிச்சு. உண்மையோ பொய்யோ, பேர் கெட்டா கெட்டதுதான். 1923ல் சுரங்கமும் மூடிச்சு. அப்புறம் ஆலைகள் வரிசையா விழுந்துது. கிளென் ஸ்கோஷியா முதலாளியா இருந்த டங்கன் மெக்கல்லம் 1930 டிசம்பர்ல ஊர்ப்பக்கத்து ஏரியில மூழ்கி உயிரை விட்டார். இந்த ஒரு வரி எந்த ருசிக்குறிப்புலயும் இருக்காது.

ஸ்பிரிங்பேங்கும் சொகுசா தப்பிக்கல. 1980கள்ல பெரும்பாலும் மூடித்தான் கிடந்துது. ஆனா மிட்செல் குடும்பம் அதைக் கைவிடல. ரெண்டே ஆலை இருக்கிற ஊரைத் தனிப் பிராந்தியம்னு எப்படிச் சொல்றதுன்னு கேள்வி வந்ததாலதான், 1925ல் மூடின கிளென்கைல் ஆலையை அவங்க வாங்கி 2004ல் ஓட்டினாங்கன்னு சொல்வாங்க. அங்க வர்ற விஸ்கிக்குப் பேர் கில்கெரன். கிளென்கைல்ங்கிற பேரை ஏற்கெனவே வேற சரக்குக்கு வெச்சுட்டாங்க! 2009 ஸ்காட்ச் விஸ்கி விதிகள் கேம்பல்டவுன் பேருக்குச் சட்டப் பாதுகாப்பே குடுத்துடுச்சு.

இப்போ ருசிக்கு வருவோம். ஸ்பிரிங்பேங்க் தனக்கு வேண்டிய பார்லி மொத்தத்தையும் தரையில பரப்பி, தானே முளைகட்டுது. காய்ச்சி வடிக்கிறது ரெண்டரை தடவை, அதாவது ஒரு பங்கு ரெண்டு தடவை, மிச்சம் மூணு. அதே கட்டடத்துல புகை தூக்கலா லாங்ரோ, புகையே இல்லாம ஹேசல்பர்ன். ரெண்டும் செத்துப்போன ஆலைகளோட பேர். அந்தப் புகை வாசனையில குவையகால்னு ஒரு பொருள் இருக்கு. நாங்க எழுதற இருமல் சிரப்புல வர்ற குவைஃபெனெசினுக்குத் தாய்ச்சரக்கு அதுதான். ஆஸ்பத்திரி வாசனைன்னு விமர்சகர்கள் எழுதறது சும்மா இல்ல.

ஆக, இன்னிக்கு "கேம்பல்டவுன் ருசி"ன்னு எழுதறதுல பாதிக்கு மேல ஒரு குடும்பத்தோட கைப்பக்குவம். அந்த 21 ஆலை ருசி எப்படி இருந்துதுன்னு நாக்குல வெச்சுச் சொல்ல இப்போ ஆளே இல்ல.

ஒரிஜினல் ஹேசல்பர்ன் 1925ல் மூடிச்சு. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி மசடகா டகெட்சுருன்னு ஒரு ஜப்பான்காரர் அங்க சில மாசம் வேலை கத்துக்கிட்டு, பார்த்ததையெல்லாம் நோட்டுல எழுதி ஊருக்கு எடுத்துட்டுப் போனார். 1934ல் யோய்ச்சியில் அவர் கட்டின ஆலைதான் நிக்கா விஸ்கியோட ஆரம்பம்.