மணல்தான் வீடு: வளை தோண்டும் மீன்களும் கடல்நீர்த் தொட்டியும்

மீன் தொட்டி வைக்க ஆசைப்படும் எல்லோரும் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். அடியில் போடும் மணல் சும்மா அழகுக்கு என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் சில மீன்களுக்கு அந்த மணல்தான் வீடு!

கரீபியன் கடலில் வாழும் மஞ்சள் தலை ஜாஃபிஷ் அப்படிப்பட்டது. நீளம் சுமார் 10 செ.மீ. வாயால் மணலை அள்ளித் துப்பி வளை தோண்டும். சுவர் சரியாமல் இருக்கக் கல்லும் சிப்பித் துண்டும் அடுக்கும். ஆபத்து என்றால் வால் முதலில் உள்ளே போய்விடும். ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். இப்படிப்பட்ட மீனை வீட்டுக்குள் வளர்க்க என்ன வேண்டும்? இதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

இங்கிலாந்தில் 1845ல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது. 1853ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குக் கடல் உயிரினங்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் பிலிப் ஹென்றி காஸ். அடுத்த ஆண்டு அவர் எழுதிய 'தி அக்வேரியம்' என்ற புத்தகத்தால் வீட்டுக்கு வீடு கடல்நீர்த் தொட்டி வைக்கும் மோகம் பரவியது. ஆனால் மின்சார பம்ப் இல்லாத காலம் அது. காற்று போகாத ஆழமான மணல் கருத்துப்போய், அழுகிய முட்டை போல நாறும்.

பிறகு 1950, 60களில் சரளைக்கு அடியில் வைக்கும் ஃபில்டர் பரவியது. ஓட்டைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதன் மேல் சரளை. தண்ணீர் சரளை வழியாக இறங்கும்போது அதில் வாழும் பாக்டீரியா கழிவைச் சுத்தம் செய்யும். நல்ல யோசனைதான். ஆனால் தோண்டும் மீன் என்ன செய்யும்? தட்டு தெரியும் வரை தோண்டிவிடும்! தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாகவே ஓடும். மற்ற இடத்து பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. மீன் தன் வீட்டைக் கட்டினால் தொட்டியே கெட்டுவிடும் என்ற நிலை.

1980களில் மொனாக்கோவில் ஜான் ஜோபேர் என்ற விஞ்ஞானி ஆழமான மணலையே வேலை வாங்கினார். ஆக்சிஜன் குறைந்த அடிமணலில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும். மணலுக்கு நடுவே ஒரு வலையையும் விரித்தார். தோண்டும் உயிர்கள் மேலே தோண்டலாம், கீழே உள்ள மணல் கலையாது. மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் தனித்தனி மாடி!

இன்று ஜாஃபிஷ் வளர்ப்பவர்கள் 12 முதல் 15 செ.மீ. வரை மணல் போடுகிறார்கள். பொடி மணல் மட்டும் போட்டால் வளை சரிந்துவிடும் என்பதால் சிப்பித் துண்டுகளையும் கலக்கிறார்கள். பாறைகளை மணல் மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்திலேயே நிறுத்துகிறார்கள். இல்லாவிட்டால் மீன் தோண்டத் தோண்டப் பாறை அதன் மேலேயே சாயும். மேலே மூடியும் கட்டாயம். ஏனென்றால் வளை கிடைக்காமல் மிரண்ட மீன் துள்ளி வெளியே விழுந்து செத்துவிடும்.

எனவே இந்த மீனை வளர்க்க ஆசைப்படுபவர்கள் மீனை வாங்கும் முன் மணலை வாங்க வேண்டும்.