குதிரைகள் இறங்கிய கரை

பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தோரின் நிலை என்னவாயிற்று என்று சிந்திக்கும்படி அருள்மறை பல இடங்களில் நம்மை ஏவுகின்றது. நாமும் பயணம் செய்யாமல் இல்லை. பள்ளி விடுமுறை விட்டதும் சுருளிப்பட்டியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாகக் கடல் பார்க்கக் கிளம்புகின்றோம். மலையையும் அருவியையும் திராட்சைத் தோட்டங்களையும் பிறந்தது முதல் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் தனி ஆவல். அலையில் கால் நனைத்து, மீன் சாப்பிட்டு, இரவோடு இரவாகத் திரும்பி விடுகின்றோம். சிந்திப்பது என்னும் பகுதி மட்டும் வேனிலேயே தங்கிவிடுகின்றது.

அடுத்த முறை தூத்துக்குடிப் பக்கம் செல்வோர் ஒரு நாளைக் காயல்பட்டினத்திற்கு ஒதுக்க வேண்டும் என்பது நமது வேண்டுகோள். அங்கே கோட்டை கொத்தளங்கள் இல்லை. நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்கும் அரண்மனையும் இல்லை. ஆயினும் கம்பம் பள்ளத்தாக்கின் முஸ்லிம் குடும்பங்களுள் மிகப் பலவற்றின் பெயரோடு ஒட்டி நிற்கும் ஒரு சொல்லுக்கும் அந்தக் கரைக்கும் நெருங்கிய உறவு உண்டு. இராவுத்தர் என்பதே அச்சொல். நம் ஊர்களில் திருமண அழைப்பிதழ் முதல் உத்தமபாளையத்து ஹாஜி கருத்த இராவுத்தர் ஹவுதியா கல்லூரியின் பெயர்ப் பலகை வரை அச்சொல்லைக் காண்கின்றோம். அதற்குக் குதிரை வீரர், குதிரை செலுத்துவோர் என்பது பொருள். தமிழகத்தின் மண்ணும் தட்பவெப்பமும் நல்ல போர்க்குதிரைகளை வளர்ப்பதற்கு ஏற்றவை அல்ல. அப்படியானால் அந்தக் குதிரைகள் எங்கிருந்து வந்தன? எந்தக் கரையில் இறங்கின? இந்த வினாவோடு காயலுக்குச் சென்றால் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும்.

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டை மாறவர்மன் குலசேகர பாண்டியர் ஆண்டு வந்தார். அரபியர் இந்தக் கடற்கரை நாட்டை மஅபர் என்று அழைத்தனர். கடந்து செல்லும் இடம், துறை என்பது அச்சொல்லின் பொருள். 1290களின் தொடக்கத்தில் இப்பக்கம் வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, காயலை மாபெரும் நகரம் என்று வருணிக்கின்றார். ஹுர்முஸ், கைஸ், ஏடன் ஆகிய மேற்குத்திசை இடங்களிலிருந்து வரும் மரக்கலங்கள் யாவும் அங்கே தங்கும் என்றும், அவை குதிரைகளையும் பிற சரக்குகளையும் சுமந்து வரும் என்றும் அவர் குறிப்பு சொல்கின்றது.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் விவரம் இன்னும் நுட்பமானது. கைஸ் தீவின் அதிபராக இருந்த மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்புவதென ஒப்பந்தம் இருந்தது. குதிரை ஒன்றுக்குச் செம்பொன் 220 தீனார் விலை. வழியில் கடலில் இறந்துபோகும் குதிரைகளுக்கும் பாண்டியரின் கருவூலத்திலிருந்து பணம் கொடுக்கப்பட்டது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராக இருந்தார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவருடைய பொறுப்பில் விடப்பட்டிருந்தன. ஒரு தமிழ் மன்னர் தம் கருவூலத்தின் வாயிலையே ஒரு முஸ்லிம் வணிகக் குடும்பத்திடம் ஒப்படைத்திருந்தார் என்றால், அதற்குப் பின்னால் நெடுநாள் நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பெருமையைச் சொல்லும் நாம் மறுபக்கத்தை மறைத்தல் ஆகாது. இறக்குமதியான குதிரைகள் இங்கே நீண்ட நாள் பிழைக்கவில்லை. ஓராண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மடிந்தன என்பதை மார்க்கோ போலோ குறிப்பிடுகின்றார். வறுத்த வாற்கோதுமையையும் நெய் கலந்த தானியத்தையும் காய்ச்சிய பாலையும் கொடுத்து அவற்றைக் கெடுத்தார்கள் என்று வஸ்ஸாஃப் வருந்துகின்றார். அன்பினால் ஊட்டிக் கொன்ற கதை இது! ஆனால் போலோ வேறொன்றையும் சொல்கின்றார். குதிரைகளைப் பேணத் தெரிந்த இலாடம் அடிப்போர் இந்நாட்டிற்கு வந்துவிடாதபடி வணிகர்கள் பார்த்துக் கொண்டார்களாம். குதிரை மடிந்தால்தானே மறு ஆண்டும் விற்பனை நடக்கும்! அது உண்மையானால் நம்மவர் வணிகத்தில் படிந்த கறையே. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் மார்க்கத்தைச் சார்ந்தவர்கள் இதைப் படிக்கும்போது தலை குனியத்தான் வேண்டும். போலோவின் நூலில் கேள்விப்பட்ட செய்திகளும் கலந்துள்ளன என்பதை அறிவோம். ஆயினும் நமக்கு இனிக்கும் பக்கத்தை ஏற்று, கசக்கும் பக்கத்தைத் தள்ளுவது வரலாறு ஆகாது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், உப்பளங்கள் வெண்மையாய் விரிந்து கிடக்கும் பகுதியைக் கடந்ததும் பழையகாயல் என்னும் ஊர் வரும். ஓட்டுநரிடம் சொல்லி அங்கே சற்று நிறுத்துங்கள். மார்க்கோ போலோ கண்ட காயல் இதுவே என்பது 1870களில் கொற்கையிலும் பழையகாயலிலும் அகழ்ந்து பார்த்த பிஷப் கால்டுவெல்லின் முடிவு. மண்ணில் சீனப் பீங்கான் உடைசல்கள் அவருக்குக் கிடைத்தன. காயல்பட்டினத்தார் இதை எளிதில் ஒப்புவதில்லை. நம் எண்ணம் வருமாறு: தாமிரபரணி ஆறு நூற்றாண்டுதோறும் வண்டலைக் கொணர்ந்து கடலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்தது. சங்க காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கின்றது. அதற்குப் பின் பழையகாயல். அதன் பின் ஆற்று முகத்தில் புன்னைக்காயலும் தெற்கே காயல்பட்டினமும். துறை தூர்ந்தபோது மக்கள் வணிகத்தைச் சுமந்துகொண்டு கடலைத் தொடர்ந்து நடந்தார்கள். ஆகவே ஒரே துறைமுகத்தின் வரலாறு பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றது.

காயல்பட்டினத்தில் முதியோரிடம் பேசினால், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே எகிப்திலிருந்து முன்னோர்கள் வந்து குடியேறினர் என்று சொல்லக் கேட்கலாம். காஹிரா என்ற பெயரே காயல் ஆயிற்று என்போரும் உண்டு. அரபு நாட்டுடன் அவ்வூரின் தொடர்பு மிகப் பழையது என்பதில் ஐயம் இல்லை. ஆனால் காஹிரா நகரம் நிறுவப்பட்டதே கி.பி. 969இல்தான். மேலும் காயல் என்பது கழிமுகத்தைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல். முன்னோர்மீது கொண்ட அன்பு மதிக்கத்தக்கதே. அதற்காகப் பெயர்க் காரணத்தைக் கடல் கடந்து தேட வேண்டியதில்லை.

ஊருக்குள் நுழைந்தால் பெரிய குத்பாப் பள்ளியையும் சிறிய குத்பாப் பள்ளியையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். குவிமாடமும் மினாராவும் இருந்தால்தான் பள்ளிவாசல் என்று எண்ணும் நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பாடம் காத்திருக்கின்றது. தமிழ்நாட்டுக் கல்தச்சரின் கைவண்ணத்தில் எழுந்த கற்றூண்கள். அவற்றின்மேல் கல் உத்தரங்கள். அதன்மேல் தட்டையான கூரை. மண்டபம் கட்டிய அதே மரபு, உருவங்களை மட்டும் நீக்கிவிட்டுத் தொழுகை இடத்தைக் கட்டியிருக்கின்றது. வேணாட்டு மன்னர் உதய மார்த்தாண்டரின் பெயரால் இவ்வூர்ப் பள்ளி ஒன்று உதய மார்த்தாண்டப் பெரும்பள்ளி என்று வழங்கியதையும், அதன் காஜிக்கு உதய மார்த்தாண்டக் காதியார் என்று பட்டம் அளிக்கப்பட்டதையும் தமிழ்க் கல்வெட்டு தெரிவிக்கின்றது. இந்து மன்னர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசல்! சமய நல்லிணக்கம் என்று இன்று மேடைதோறும் பேசுகின்றோம். அன்று அதைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுத் தத்தம் வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுக்கீசியர் துவார்த்தே பார்போசா, காயல் கொல்லத்து மன்னருக்கு உரியது என்றும், முத்துக்குளிப்பின் குத்தகை செல்வாக்கு மிக்க ஒரு முஸ்லிம் வணிகரிடம் இருந்தது என்றும் குறிப்பிடுகின்றார். அந்த நிலை நீடிக்கவில்லை. போர்ச்சுக்கீசியர் முத்துத்துறையைக் கைப்பற்ற முனைந்தனர். பரதவ மக்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இடையே மூண்ட பகையை அவர்கள் நன்கு பயன்படுத்திக் கொண்டனர். 1530களில் பரதவர் பெருந்தொகையாகக் கத்தோலிக்கர் ஆயினர். 1538இல் இராமநாதபுரம் கரையில் வேதாளை என்னும் இடத்தில் மரைக்காயர்களின் கப்பற்படை முறியடிக்கப்பட்டது. நம் சுருளியாற்று நீர் முல்லைப் பெரியாற்றோடு வைகையில் கலந்து சென்று சேர்வதும் அந்தச் சீமையில்தான். அத்தோல்விக்குப் பின் முத்துக்கரையில் முஸ்லிம்களின் மேலாண்மை ஒடிந்தது.

துறைமுகமும் போயிற்று, முத்தும் போயிற்று. ஊர் மட்டும் போகவில்லை. காயலர்கள் இலங்கைக்கும் பிற்காலத்தில் ஹாங்காங் வரைக்கும் சென்று இரத்தினக்கல் வணிகம் செய்தனர். பொருளோடு கல்வியும் வளர்ந்தது. 1632இல் பிறந்து கீழக்கரையில் அடக்கமாகியுள்ள சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் இவ்வூரில் பிறந்தவர்கள். 1816இல் பிறந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களும் அவ்வாறே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவரும் காயலைச் சார்ந்தவர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் இங்கும் கீழக்கரையிலும் செழித்தது. ரஜப் மாதத்தில் செல்வோர் புகாரி ஷரீஃப் ஓதும் மஜ்லிஸைக் காணலாம்.

வீட்டுப் பெண்கள் அவசியம் கவனிக்க வேண்டியது இவ்வூரின் வீடுகள். இங்கே பெண்ணுக்கே வீடு. மணமான பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டிற்கு வருகின்றார். நம் பக்கத்தில் மருமகள் புகுந்த வீட்டில் படும் பாட்டை அறிந்தவர்கள் இதைக் கேட்டுச் சற்றுப் பெருமூச்சு விடக்கூடும். முன்வாசல் தெருவில் இருக்க, பின்பக்கத்தில் முடுக்கு எனப்படும் குறுகிய சந்துகள் வீட்டை வீட்டோடு இணைக்கின்றன. பெண்கள் அதன் வழியே உறவினர் வீடுகளுக்குப் போய் வருவர். அது அவர்களின் வழி. வெளியூர் ஆண்கள் படம் எடுப்பதற்காக அதனுள் நுழைவது முறையன்று. தெரிந்தவர் வீட்டு விருந்து வாய்த்தால் களறிக் கறியையும் வட்டிலப்பத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓராண்டில் அப்பகுதி காணும் மழையை விட அது மிகுதி. தெருக்களிலும் வீடுகளிலும் வெள்ளம் புகுந்தது. கற்றூண் பள்ளிகள் அதைத் தாங்கும். எத்தனையோ நூற்றாண்டு மழையைத் தாங்கியவை அவை. தாளுக்கு அந்த வலிமை இல்லை. அரபுத்தமிழ் ஏடுகளும் வணிகக் கணக்குகளும் கடிதங்களும் இன்னும் பல குடும்பங்களில் மரப்பெட்டிக்குள் கிடக்கின்றன. வாசிக்கத் தெரிந்தோர் குறைந்து வருவதால் அவை பழைய காகிதம் என்று ஒதுக்கப்படுகின்றன. காயலில் மட்டுமல்ல, கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இதே நிலைதான். பாட்டனார் காலத்துப் பெட்டி உங்கள் பரணிலும் இருக்கலாம். காயலிலிருந்து திரும்பி வந்த கையோடு அதை ஒருமுறை இறக்கித் திறந்து பாருங்கள். படிக்க இயலாவிடினும் எறிந்துவிடாமல், அரபுத்தமிழ் அறிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள்.