நெற்றியில் மட்டும் பரு வருதா? எண்ணெய், ஹெல்மெட், க்ரீம்... காரணம் எது?

கன்னம் பளிச்சென்று இருக்கும். நெற்றியில் மட்டும், அதுவும் முடி ஆரம்பிக்கும் இடத்தை ஒட்டி, பொடிப்பொடியாகப் பரு. "உடம்பு சூடு", "வயிறு சரியில்ல" என வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எந்த இடத்தில் பரு வந்தால் எந்த உறுப்பில் கோளாறு என்று இன்ஸ்டாவில் ஒரு படம் வேறு சுற்றுகிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது.

நெற்றியில் ஏன் அதிகம்?

நெற்றி, மூக்கு, தாடை மூன்றிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும். சுரக்கும் எண்ணெயும் இறந்த செல்களும் சேர்ந்து முடித்துளையை அடைத்தால் கரும்புள்ளி. உள்ளே பாக்டீரியா பெருகி வீங்கினால் பரு. டீன் ஏஜில் ஹார்மோன் இதை முடுக்கிவிடும். இது எல்லோருக்கும் பொது. நெற்றிக்கென்றே சில தனிக் காரணங்கள் இருக்கின்றன.

தலைக்கு வைக்கும் எண்ணெய்

அமெரிக்காவில் தலைமுடிக்குப் பிசுபிசுப்பான பொமேட் தடவி வந்த கறுப்பினத்தவர்களின் நெற்றியில் வந்த பருக்களை, பிளூவிக், ஃபுல்டன், கிளிக்மேன் என்ற மூன்று மருத்துவர்கள் 1970-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அதற்கு 'பொமேட் ஆக்னி' என்றே பெயர் வந்துவிட்டது.

நம்ம ஊரில் பொமேட் இடத்தில் தேங்காய் எண்ணெய். காலையில் எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறினால் போதும். சென்னை வியர்வை அதை நெற்றிக்கு இறக்கிவிடும். எண்ணெயே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, முன்நெற்றி ஓரத்தை விட்டுவிட்டுத் தேயுங்கள். பிறகு நன்றாக அலசுங்கள். ஜெல், சீரம், கண்டிஷனருக்கும் இதே கதைதான். மாற்றம் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகலாம்.

ஹெல்மெட்டும் பொட்டும்

தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம். அடையாறிலிருந்து தி.நகருக்கு வெயிலில் பைக்கில் போய் வந்தால் உள் பஞ்சு நனைந்துவிடும். அந்த உராய்வும் ஈரமும் பருவைக் கிளப்பும். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்ற முடியாது, உயிர் முக்கியம். உள் பஞ்சு கழற்றக்கூடியது என்றால் அடிக்கடி துவையுங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

ரங்கநாதன் தெருவில் அட்டை அட்டையாக வாங்கும் ஸ்டிக்கர் பொட்டு வேறு ரகம். அதன் பசை சிலருக்கு அலர்ஜி ஆகி, பொட்டு வைத்த இடம் மட்டும் அரிக்கும், சிலருக்கு வெளுத்தும் போகும். அது பரு இல்லை, பரு மருந்து போட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

அரிக்கிறதா?

எல்லாம் ஒரே அளவில், அரிப்போடு, வியர்த்தால் கூடுகிறது என்றால் அது மலசீசியா என்ற பூஞ்சையாக இருக்கலாம். இதற்குப் பூஞ்சை மருந்துதான் வேலை செய்யும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் மோசமாகலாம்.

உண்மையான ஆபத்து

"ஒரு வாரத்துல முகம் பளபளன்னு ஆயிடும்" என்று மருந்துக் கடையிலோ பக்கத்து வீட்டிலோ சொல்லும் க்ரீமில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் சிவப்பு அடங்கும். பிறகு பரு பெருகும், தோல் மெலியும், நரம்பு போல ரத்தக் குழாய் தெரியும். நாடு முழுவதும் 12 மையங்களில் முகத் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவியிருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் டாக்டர் சொல்லாமலே ஆரம்பித்தவர்கள். அதிகம் பார்க்கப்பட்ட பாதிப்பு என்ன தெரியுமா? பருவேதான்!

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளின் மேற்பூச்சுகளை டாக்டர் சீட்டு தேவைப்படும் பட்டியலில் சேர்த்தது. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர்கள் ட்யூபில் இருக்கிறதா பாருங்கள். பல மாதமாகப் போடுகிறீர்கள் என்றால் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியக்கூடும்.

சிகிச்சை என்ன?

சாதாரணப் பருவுக்குப் பெரும்பாலும் எழுதித் தருவது இரண்டு: பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் ஜெல். அடாபலீனை இரவில் பட்டாணி அளவு எடுத்து நெற்றி முழுக்கத் தடவணும், பருவின் மேல் மட்டும் அல்ல. முதல் சில வாரம் தோல் உரியும், பரு கூடியது போலவும் தெரியும். பலரும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் வேண்டும். பென்சாயில் பெராக்சைடு தலையணை உறையை வெளுக்க வைக்கும், வெள்ளை உறை போட்டுக்கொள்ளுங்கள்.

கிள்ளாதீர்கள். நம் நிறத் தோலில் பரு போனாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயிலில் போனால் சன்ஸ்க்ரீன் உதவும்.

கட்டி கட்டியாக வலிக்கும் பருவுக்கு மாத்திரை தேவைப்படலாம். அதில் ஐசோட்ரெட்டினாயின் கருவில் உள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தொடவே கூடாது, அடாபலீனும் வேண்டாம். தனியார் கிளினிக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டலாம். போகும்போது இதுவரை தடவிய ட்யூப் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.