முதலில் கைக்கா, காலுக்கா? டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங்கும் லோட் செல் பிரேக்கும்

வீட்டில் சிம் ரேசிங் (கணினியிலோ கன்சோலிலோ ஓட்டும் கார் பந்தயம்) ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே மாதிரியான செட்டில்தான் தொடங்குகிறார்கள். மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கிய ஒரு ஸ்டீயரிங், தரையில் ஒரு பெடல் தொகுப்பு, எதிரே ஒரு மானிட்டர். 2015இல் வந்த லாஜிடெக் ஜி29 இந்த வகைக்குச் சரியான எடுத்துக்காட்டு. சில மாதங்கள் ஓட்டிய பிறகு ஆசை வளரும், கையில் கொஞ்சம் பணமும் சேரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற அந்தப் பணம் போதாது. ஸ்டீயரிங்கை டைரக்ட் டிரைவுக்கு மாற்றுவதா, பிரேக்கை லோட் செல்லுக்கு மாற்றுவதா என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

விளம்பரங்கள் ஸ்டீயரிங் பக்கம் சாயும். பல வருடம் ஓட்டியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் 'முதலில் பெடலை மாற்று' என்பார்கள். இரண்டுமே எல்லோருக்கும் பொருந்தும் பதில் இல்லை. காரில் என்ன நடக்கிறது என்பதை ஓட்டுபவருக்குச் சொல்வது ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் மோட்டாரின் வேலை. ஓட்டுபவர் என்ன செய்கிறார் என்பதைக் காருக்குச் சொல்வது பிரேக்குக்குள் இருக்கும் சென்சாரின் வேலை. செய்தி போகும் திசையே வேறு. நம் ஓட்டத்தில் எந்தத் திசையில் செய்தி தொலைகிறது என்று பார்த்தால்தான் பணம் சரியான இடத்துக்குப் போகும்.

கைக்கு வரும் செய்தி

ஜி29க்குள் இரண்டு சிறிய மோட்டார்கள் இருக்கின்றன. அவற்றின் சுழற்சி பல்சக்கரங்கள் வழியாக ஸ்டீயரிங் தண்டுக்குப் போகிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தே தீரும் என்பதால், நேர்கோட்டில் போகும்போது நடுவில் ஒரு மரத்துப்போன இடத்தைக் கை உணரும். மேடு பள்ளமான ஓரக்கற்களில் ஏறினால் கடகடவென்று சத்தம் வரும். 2014இல் வந்த திரஸ்ட்மாஸ்டர் டி300 பல்சக்கரத்துக்குப் பதிலாக பெல்ட்டைப் பயன்படுத்தியது. சத்தம் குறைந்து ஓட்டம் வழுவழுப்பானது. ஆனால் பெல்ட் கொஞ்சம் இழுபடும் பொருள், அதனால் கூர்மையான அதிர்வுகளை அது மழுக்கிவிடும்.

டைரக்ட் டிரைவில் நடுவில் எதுவும் இல்லை. மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங் ஏறி உட்காருகிறது. ஃபனாடெக் போடியம் டிடி1, டிடி2, சிமுகியூப் 2 போன்றவை 17 முதல் 32 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு விசை தரும் பெரிய இயந்திரங்கள், விலையும் அதற்கேற்ப. 2021இல் ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி வந்தபோது நிலைமை மாறியது. அது 5 நியூட்டன் மீட்டர், பெரிய பவர் சப்ளை போட்டால் 8. அறிமுக விலை 350 யூரோ, ஸ்டீயரிங் வளையமும் பெடலும் தனி. பிறகு 5.5 நியூட்டன் மீட்டர் மோசா ஆர்5 போன்றவையும் அந்த வரிசையில் சேர்ந்தன.

இந்த எண்களைக் கையில் உணரும் எடையாக மாற்றிப் பார்க்கலாம். 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில், ஜி29 தரும் சுமார் 2 நியூட்டன் மீட்டர் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இழுப்பு. 8 என்றால் கிட்டத்தட்ட 6 கிலோ. 25 என்றால் 18 கிலோ. நீண்ட பந்தயத்தில் தோளையும் மணிக்கட்டையும் நன்றாகவே சோதிக்கும் அளவு.

ஆனால் டைரக்ட் டிரைவின் பெருமை வலுவில் இல்லை. கார் வளைவில் திரும்பும்போது முன் டயர்கள் தாமாகவே நேராகத் திரும்பப் பார்க்கும். ஸ்டீயரிங்கில் கனமாகத் தெரிவது அந்த முயற்சிதான். டயர் தன் பிடியின் எல்லையை நெருங்கும்போது பக்கவாட்டுப் பிடி இன்னும் கூடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த நேராக்கும் விசை அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடும். பெரும்பாலான கார்களில் முன்பக்கம் வழுக்குவதற்குச் சற்று முன் ஸ்டீயரிங் இலேசாவது இதனால்தான். வேகமாக ஓட்டுபவர் இந்த முன்னறிவிப்பைக் கையில் வாங்கித்தான் எல்லையின் விளிம்பில் ஓட்டுகிறார்.

வலு குறைந்த மோட்டாரில் இந்தச் செய்தி இரண்டு பக்கமும் அடிபடுகிறது. ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை, அதாவது மோட்டார் கைக்குத் தரும் விசையைக் கூட்டி வைத்தால், வேகமான வளைவில் மோட்டார் தன் உச்சத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேலான ஏற்ற இறக்கம் எல்லாம் வெட்டுப்பட்டு ஒரே கனமாகத் தெரியும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். குறைத்து வைத்தால், சிறிய மாற்றங்கள் பல்சக்கரங்களின் உராய்விலேயே கரைந்துபோகும். 5 அல்லது 8 நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவில் உராய்வு குறைவு, உச்சமும் உயரம். ஸ்டீயரிங் இலேசாகும் அந்தக் கணம் இரண்டுக்கும் நடுவில் சிக்காமல் கைக்கு வந்துவிடும்.

மற்றொரு வேறுபாடு சுழலும் வேகம். பின்பக்கம் வழுக்கும்போது காரின் ஸ்டீயரிங் தானாகவே எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். டிரிஃப்ட் ஓட்டுபவர்கள் பிடியைத் தளர்த்தி அதைச் சுழல விட்டு, பிறகு பிடிப்பார்கள். பல்சக்கர ஸ்டீயரிங்கால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. கை பிடிப்பதற்குள் கார் சுற்றிவிடும்.

காலிலிருந்து போகும் செய்தி

ஆரம்ப நிலை பெடல்களில் பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். ஃபேன் ரெகுலேட்டர் குமிழைப் போல, பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். உண்மையான பந்தயக் காரில் பிரேக் தூரத்தால் இயங்குவதில்லை. பிரேக் ஆயில் அமுங்காது. பேடு டிஸ்க்கைத் தொட்ட பிறகு பெடல் கிட்டத்தட்ட நகராது. அதற்கு மேல் ஓட்டுநர் கூட்டுவதும் குறைப்பதும் காலின் அழுத்தத்தை மட்டும்தான். ஃபார்முலா 1 ஓட்டுநர்கள் வலுவான பிரேக்கிங்கில் 100 கிலோவுக்கும் மேலான விசையை இடது காலால் கொடுக்கிறார்கள்.

லோட் செல் அளப்பது அந்த அழுத்தத்தை. ஒரு உலோகத் துண்டின் மேல் மெல்லிய மின்தடைத் தகடு ஒட்டியிருக்கும். அழுத்தத்தில் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்போது தகட்டின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை விசையாகக் கணக்கிடுவார்கள். 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸும் ஆர்தர் ரூஜும் தனித்தனியே கண்டுபிடித்த இந்த உத்தி, இன்று மளிகைக் கடையின் எலெக்ட்ரானிக் தராசிலும் வேலை செய்கிறது. சிம் ரேசிங்கில் 2020இல் வந்த திரஸ்ட்மாஸ்டர் டி-எல்சிஎம் இதை 200 டாலர் விலையில் தந்தது. அதன் பிரேக் 100 கிலோ வரை அளக்கும், ஸ்பிரிங்குகளை மாற்றிக் கடினத்தைக் கூட்டலாம். ஆக்சிலரேட்டரிலும் கிளட்ச்சிலும் உரசிக்கொள்ளாத காந்த சென்சார்கள்.

தூரத்தை அளந்தால் என்ன, அழுத்தத்தை அளந்தால் என்ன என்று கேட்கலாம். வேறுபாடு நம் உடம்பில் இருக்கிறது. நாற்காலி இரண்டு அங்குலம் பின்னால் போனாலும், ஷூவுக்குப் பதில் வெறுங்காலில் ஓட்டினாலும் கணுக்காலின் கோணம் மாறிவிடும்; நேற்று 80 சதவீதமாக இருந்த இடம் இன்று 70 ஆகிவிடும். மென்மையான ஸ்பிரிங்கில் இந்த இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்கள்தான். ஆனால் நேற்று எவ்வளவு பலமாக மிதித்தோம் என்பதைக் காலின் தசை அவ்வளவு சுலபமாக மறக்காது.

டிராக்கில் பிரேக் பிசகின் விலை பெரியது. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் 69 மீட்டர் போகும். உச்ச பிரேக்கிங்கை எட்டுவதில் பத்தில் ஒரு நொடி பிசகினால் 7 மீட்டர் கையை விட்டுப் போகும். வளைவுக்குள் திரும்பிக்கொண்டே பிரேக்கை மெல்ல விடுகிற டிரெயில் பிரேக்கிங் இன்னும் நுணுக்கமானது. அழுத்தம் ஒரே சீராக இறங்கினால்தான் முன் டயரில் எடை நின்று கார் வளைவுக்குள் கடிக்கும். நடுவில் ஒரு தடுமாற்றம் வந்தால் முன்பக்கம் வெளியே போகும், இல்லையென்றால் பின்பக்கம் சுற்றும்.

நடுவழியும் உண்டு. ஜி29இன் பிரேக்குக்குள் லாஜிடெக் ஒரு ரப்பர் கட்டையை வைத்திருக்கிறது. பாதிக்கு மேல் மிதித்தால் பெடல் கடினமாகும். அளப்பது இன்னும் தூரத்தைத்தான், ஆனால் அழுத்தத்துக்கேற்ப தூரம் மாறுவதால் கால் கொஞ்சம் பழகிக்கொள்ளும். அந்த ரப்பரையும் ஸ்பிரிங்கையும் மாற்றிப்போடும் கிட்டுகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

எந்த ஓட்டத்துக்கு எது?

நாம் எந்தக் காரை ஓட்டுகிறோம் என்பதும் பதிலை மாற்றும். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத ஃபார்முலா கார்களிலும் பழைய பந்தயக் கார்களிலும் ஒரு இம்மி கூடுதலாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அங்கே லோட் செல்லின் பலன் முதல் நாளிலேயே தெரியும். அசெட்டோ கோர்சா கோம்பெடிசியோனே விளையாட்டில் வரும் ஜிடி3 கார்களில் ஏபிஎஸ் உண்டு. உச்ச பிரேக்கிங்கில் செய்யும் பிழையை அது ஓரளவு மன்னித்துவிடும். பிரேக்கை விடும் பகுதியில் மட்டும் காலின் நுணுக்கம் அப்படியே தேவைப்படும்.

டிரிஃப்டுக்கும் ராலிக்கும் கணக்கு தலைகீழ். அங்கே கார் எந்நேரமும் வழுக்கிக்கொண்டே இருக்கும். கைக்கு வரும் செய்தியும் ஸ்டீயரிங் சுழலும் வேகமும்தான் உயிர். பிரேக்கும் பல நேரம் காரைத் திருப்பும் ஒரு தட்டுதான். அவர்கள் முதலில் டைரக்ட் டிரைவ் வாங்குவதில் தவறே இல்லை. யூரோ டிரக் சிமுலேட்டரில் சரக்கு ஏற்றிப் போகிறவர்களுக்கு இரண்டுமே அவசரம் கிடையாது.

வீடு தாங்குமா?

கடை விலையில் வராத செலவு வீட்டில் காத்திருக்கும். 8 நியூட்டன் மீட்டர் மோட்டாரை மெல்லிய பலகை மேசையில் மாட்டினால், ஒவ்வொரு ஓரக்கல்லுக்கும் மேசையும் மானிட்டரும் சேர்ந்து ஆடும். மோட்டார் தரும் நுண்ணிய செய்தியில் பாதியை மேசையே உறிஞ்சிக்கொள்ளும். பலமாகச் சுழலக்கூடிய இயந்திரம் என்பதால், ஓட்டாத நேரத்தில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கார் மோதும்போது கட்டைவிரலை வளையத்தின் குறுக்குக் கம்பியில் மாட்டிக்கொள்ளாத பழக்கமும் தேவை.

லோட் செல்லுக்கும் தொல்லை குறையாது. உருளை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து 40 கிலோ அழுத்தத்தில் மிதித்தால், கார் நிற்பதற்கு முன் நாற்காலி பின்னால் ஓடும். டைல்ஸ் தரையில் பெடல் முன்னால் வழுக்கும். பெடலைச் சுவரோரமாக முட்டுக்கொடுத்து வைப்பது, நாற்காலியையும் பெடல் பலகையையும் பட்டையால் கட்டுவது, நாற்காலியின் உருளைகளைக் கழற்றுவது என்று எளிய வழிகள் இருக்கின்றன. பெடலே நகரும்போது 100 கிலோ அளக்கும் சென்சாரால் பயனில்லை. இருக்கையையும் பெடலையும் ஒன்றாகப் பிணைக்கும் முறையான ரிக் இல்லாதவர்கள் உச்ச அழுத்தத்தை 30, 40 கிலோவுக்குக் குறைத்து அமைத்துக்கொள்வது நல்லது.

சத்தத்தில் டைரக்ட் டிரைவ் ஜெயிக்கும். இரவில் பல்சக்கரத்தின் கடகடப்பு இருக்காது. லோட் செல் பிரேக்கைப் பலமாக மிதிக்கும் ஓசை அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்குக் கேட்கும். அடியில் தடித்த ரப்பர் பாய் வேண்டும்.

தேய்மானத்தில் இரண்டுமே பழையதை விட மேல். பொட்டென்ஷியோமீட்டரில் தூசு படிந்தால், மிதிக்காமலே பிரேக் துடிக்கும். அவ்வப்போது துடைத்துச் சரிசெய்ய வேண்டும். லோட் செல்லில் உரசும் பாகம் இல்லை. டைரக்ட் டிரைவில் தேய்வதற்குப் பல்லும் இல்லை, பெல்ட்டும் இல்லை. பழுதானால் மட்டும் டைரக்ட் டிரைவின் மின்னணுப் பாகத்துக்கு ஆகும் செலவு பெரிது.

பிளேஸ்டேஷனிலோ எக்ஸ்பாக்ஸிலோ ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணினியில் எந்த நிறுவனத்தின் பெடலையும் தனி யுஎஸ்பியில் செருகலாம். கன்சோலில் பெடல் பொதுவாக ஸ்டீயரிங் வழியாகத்தான் இணையும், அதுவும் அதே நிறுவனத்தின் பெடலாக இருக்க வேண்டும். அங்கே 'பெடல் மட்டும் முதலில்' என்ற திட்டம் பலருக்குச் சாத்தியமே இல்லை.

எதை வாங்குவது?

கணினியில், சர்க்யூட் பந்தயம் ஓட்டுபவர் என்றால் லோட் செல்லே முதலில். அதற்குச் செலவு குறைவு, லேப் நேரங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும், பழைய ஸ்டீயரிங்கோடும் வேலை செய்யும், பின்னால் எந்த ஸ்டீயரிங் வாங்கினாலும் கூடவே வரும். டிரிஃப்ட், ராலி ஓட்டுபவர்களுக்கும் கன்சோலில் இருப்பவர்களுக்கும் டைரக்ட் டிரைவ். வேகத்தை விட ஓட்டும் சுகம் முக்கியம் என்பவர்களும் தயங்காமல் அதையே வாங்கலாம். ஸ்டீயரிங் மாறும்போது கிடைக்கும் சந்தோஷத்தைப் பெடல் தராது. இரண்டிலும் உச்ச எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. வீட்டு மேசைக்கும் சாதாரண நாற்காலிக்கும் 5 முதல் 8 நியூட்டன் மீட்டரும், 30 முதல் 40 கிலோ பிரேக்கும் தாராளம்.

இன்னும் சந்தேகம் இருந்தால் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. பழகிய ஒரு டிராக்கில், பழகிய காரில் பத்து லேப் ஓட்டி டெலிமெட்ரியை, அதாவது பிரேக், ஸ்டீயரிங் அசைவுகளின் தரவைப் பதிவுசெய்யுங்கள். அசெட்டோ கோர்சா கோம்பெடிசியோனே தன் பதிவுகளை மோடெக் மென்பொருளில் திறக்கும்படியே தருகிறது. ஒரே வளைவின் பிரேக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். உச்சம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு உயரத்தில் நின்றால், கோடு இறங்கும்போது நடுங்கினால், குறை காலில். பிரேக் கோடுகள் ஒத்துப்போய், கார் வழுக்கிய பிறகுதான் ஸ்டீயரிங் கோடு திடீரென்று துள்ளுகிறது என்றால், செய்தி கைக்குத் தாமதமாக வருகிறது. இரண்டு கோடுகளும் சீராக இருந்தும் நேரம் குறையவில்லையா? அப்படியானால் பணத்தை வங்கியில் விட்டுவிட்டு, டிராக்கை இன்னும் கொஞ்சம் படிக்கலாம்.